கொரியர் திரும்பி வந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போன் பண்ணினால் ‘மீட்டிங்மா, அப்புறம் கூப்பிடறேன்’ என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் பேப்பரை எடுத்தேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். கத்திரி வெயில் வருவதற்கு முன்பே வேலூரில் மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. அப்பாவுக்கு சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

போன மாசம் ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கி உன் ஆபீஸ் விலாசத்துக்குக் கொரியரில் போட்டேன். ஆறு நாள் கழித்து அப்படியே திரும்பி வந்தது. இந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை என்று மேலே எழுதியிருந்தது. கொரியர் பையன் வேறு மாடிக்குப் போயிருப்பான். உங்கள் ஆபீஸ் இடம் மாறிவிட்டதா என்ன? பாகு கசிந்து பெட்டி முழுக்க எறும்பு.

வேலையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு. ஒரு வேலை கையில் இருக்கும்போதே இன்னொன்றைத் தேடிக்கொள்ளவேண்டும், இது பொதுவாகச் சொல்வது, உனக்கென்று இல்லை.

நீ செய்த மாத்திரை டப்பாவை ஆஸ்பத்திரிக்கு எதிரே மெடிக்கலில் பார்த்தேன். திருகாமல், உள்ளங்கையால் அழுத்தினாலே திறக்குமே, அதேதான். ரெண்டு வாங்கினேன். எங்க பொண்ணு பண்ணதுங்க என்றேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘பேரு ஒண்ணும் போடலியேம்மா’ என்றார். டிசைனைப் பதிந்துவிட்டால் 10 வருஷம், பணம் கட்டினால் இன்னும் 5 வருஷம், யாரும் காப்பியடிக்க முடியாது என்று நீதானே சொன்னாய்? யார் பேரில் பதிந்தார்கள் என்று கேட்டாயா? எதையும் எழுதி வாங்கிக்கொள். ஷூ கம்பெனியில் 18 வருஷம் அப்பர், அதான் ஷூவின் மேல்பாகம், தைத்தவள் சொல்கிறேன். ஓரம் கோணாமல் தைக்க மிஷினில் ஒரு தகரத் துண்டை ஒட்டவைத்தவள் நான், அடுத்த வாரமே லைன் முழுக்க அதை வைத்தார்கள், கைதட்டல் சூப்பர்வைசருக்கு, எனக்கு ஒரு டீ கூட இல்லை. அதனால்தான் சொல்கிறேன், எழுதி வாங்கிக்கொள்.

நீ அகமதாபாத்துக்கு டிசைன் படிக்கப் போனபோது, 1958ல் அமெரிக்காவிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து நம்ம ஊர் சொம்பை ஆகா ஓகோ என்று அறிக்கை எழுதினார்கள், அதற்கப்புறம்தான் 1961ல் உங்கள் காலேஜே வந்தது என்று சொன்னாய். சொம்பைப் பாராட்ட அமெரிக்காவிலிருந்து வரணுமா என்று அப்பா சிரித்தார். ஆனால் அன்றைக்கு ராத்திரி அவர் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார்.

அப்புறம் புராஜெக்ட் என்று கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனாய். உன் ஆயா போட்டிருந்த செருப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாய். காலில் உணர்ச்சி இல்லாதவர்களுக்கு முள் குத்தினாலும் தெரியாது, அதனால்தான் மேலே மெத்தென்று எம்.சி.ஆர் என்கிற நுண்துளை ரப்பர், கீழே கெட்டி ரப்பர், ஆணியே கிடையாது, பசைதான் என்று. 1946ல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளின் கை காலுக்கு ஆபரேஷன் செய்த பிராண்ட் டாக்டரைப் பற்றியும் எழுதியிருந்தாய். நான் முழுக்கப் படித்தேன். ஐந்தாம் கிளாஸில் நீ கட்டிய சிவப்பு ரிப்பனைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரி இல்லை.

மடங்கின விரலால் ஆயாவுக்கு பக்கிளை மாட்ட வரவில்லை என்று, வாரின் நுனியில் ரிப்பனை வளையமாகக் கட்டி, அதில் விரலை விட்டு இழுக்கச் சொல்லிக்கொடுத்தாய். ஆயா தானே செருப்பு மாட்டிக்கொண்டு ரெண்டு நாள் தெருமுனை வரைக்கும் போய்வந்தது. அப்புறம் நாய் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொன்னேன். நாய் இல்லை பாப்பா. கத்தரிக்கோலால் நான்தான் வெட்டினேன். சித்தியைப் பெண் பார்க்க அன்றைக்கு வருகிறார்கள், வாசலில் அந்தச் செருப்பு, அதிலும் சிவப்பில் ஒரு வளையம், யார் கண்ணிலும் பட்டுவிடக்கூடாதே என்று. செருப்பையும் அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளினேன். ஆயாவுக்குத் தெரியும். கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பழையபடி நான் குனிந்து மாட்டிவிடுகிறவரை காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நீ நாயைத் தேடிக்கொண்டு காந்தி நகர் வரைக்கும் போனாய். அழுதுகொண்டு வந்தவளை, தெருவில் என்னடி சுற்றல் என்று அடிக்கவும் செய்தேன். அப்போது அதற்கு டிசைன் என்று பேரா தெரியும் எனக்கு?

இப்போது எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அந்த எறும்புப் பெட்டியைப் பார்த்ததிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. வாடகைக்குத் தட்டுப்பாடு என்றால் சொல், என் சீட்டுப் பணம் வந்திருக்கிறது. இலவம்பாடி கத்திரிக்காய் வருகிறது, வந்தால் செய்து தருகிறேன். சனிக்கிழமை வந்தாலும் சரி, புதன்கிழமை வந்தாலும் சரி, எந்தக் கிழமை என்று நான் கேட்கமாட்டேன். காட்பாடியில் இறங்கினதும் போன் பண்ணு, அப்பா வண்டியில் வருவார். கொரியர் திரும்பி வந்தது அவருக்குத் தெரியாது.

அம்மா