அந்தக் கேள்வியை அக்காவிடம் கேட்காதீர்கள்

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஆணையர் அவர்களுக்கும், மருத்துவ முகாம்களிலும் வட்டார வள மையங்களிலும் பணிபுரியும் மருத்துவர்கள், இயன்முறை மருத்துவர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

அண்மையில் ஒரு முகாமில், மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள 11 வயதுப் பையனின் காலைப் பார்த்த மருத்துவர், பக்கத்தில் நின்ற அவன் அக்காவிடம் கேட்டார்: "வீட்டுல ஒழுங்கா எக்சர்சைஸ் குடுக்கலையாம்மா? இப்பப் பாரு, ஆபரேஷன்ல வந்து நிக்குது." அந்தப் பெண் பத்தாம் வகுப்பு. பதில் சொல்லாமல் தம்பியின் செருப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டாள். எந்த முகாம், எந்த மருத்துவர் என்பது இங்கே வேண்டாம். இந்தக் கேள்வியை எல்லா ஊரிலும் கேட்கிறார்கள்.

அவளிடம் ஒப்படைத்த பயிற்சி என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கையால் முழங்கால் மடங்காமல் பிடிக்க வேண்டும். மறு உள்ளங்கையில் குதிகாலை ஏந்தி, பாதத்தை முன்கையோடு அணைத்து, குதிகாலைக் கீழ்நோக்கி இழுத்தபடியே பாதத்தை மெல்ல மேலே சாய்க்க வேண்டும். அரை நிமிடம் அப்படியே வைத்து, விட்டு, மறுபடியும். காலுக்கு 5 தடவை, தினமும் இரண்டு வேளை. விரல் பக்கத்தை மட்டும் பிடித்துத் தள்ளினால் குதிகால் தசைநார் நீளாது, நடுப்பாதம்தான் வளைந்துகொடுக்கும். பார்வைக்குப் பாதம் மேலே வந்ததுபோல் இருக்கும், நிற்க வைத்தால் குதிகால் தரையைத் தொடாது. வெடுக்கென்று இழுத்தாலோ தசை இன்னும் இறுகும், பிள்ளை அழும். நீங்கள் ஆண்டுக்கணக்கில் படித்துப் பழகியதை, அம்மா வேலைக்குப் போகிற வீட்டில், ஒருமுறை பார்த்த ஒரு சிறுமி செய்ய வேண்டியிருக்கிறது.

இத்தனையும் தவறாமல் செய்திருந்தாலும் அந்தக் கால் இறுகியிருக்கலாம். எலும்பு வளரும் வேகத்துக்கு இறுக்கமான தசை ஈடுகொடுப்பதில்லை. பிள்ளை கிடுகிடுவென்று உயரும் வயதில் இது கூடுதலாகத் தெரியும். கையால் நீட்டுவது மட்டுமே இதைத் தடுத்துவிடும் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. அந்த முகாமில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, பாதம் கீழே சாயாமல் காலில் மாட்டும் தாங்கியான ஸ்பிளின்ட்டைப் பற்றியது. விரல்கள் அதன் அடித்தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா? கழற்றி அரை மணி நேரம் ஆன பின்னும் தோலில் சிவப்பு மறையாமல் இருக்கிறதா? அப்படியென்றால் அது சின்னதாகிவிட்டது. வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அளவு பார்க்க வேண்டும். அதைப் பார்க்க வேண்டியது பெரியவர்கள்.

இதை அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. பரீட்சை நேரத்தில் பயிற்சியை விட்ட அந்த இரண்டு வாரத்தால்தான் தம்பிக்கு இப்படி ஆகிவிட்டது என்றுதான் அவள் நினைப்பாள். நாற்பது வயதிலும் அப்படியே நம்பிக்கொண்டு, தம்பிக்கு இல்லாத வாழ்க்கை தனக்கு மட்டும் எதற்கு என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர்களை எங்களுக்குத் தெரியும்.

எங்கள் கோரிக்கை இதுதான். உடன்பிறந்த பிள்ளைகளின் தலையில் சிகிச்சையைச் சுமத்தாதீர்கள். கால் ஏன் இறுகுகிறது என்பதை அவர்களை உட்கார வைத்து நேரில் சொல்லுங்கள்.

மற்ற நேரங்களில் இவர்களை யார் நினைக்கிறார்கள்? மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு அலைவது பெற்றோர். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பிள்ளைக்கு 18 வயதானதும் ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் மட்டக் குழுவிடம் பாதுகாவலர் நியமனத்துக்கு மனுப் போடுவதும் பெரும்பாலும் பெற்றோரே. பல இடங்களில் அப்போதுதான் அண்ணனையோ அக்காவையோ கூப்பிட்டு, ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குகிறார்கள். பெற்றோருக்குப் பிறகு யார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஆளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. கோபம் வருகிறது, மன்னியுங்கள்.

பணிவோடு கேட்கிறோம். வீட்டுப் பயிற்சித் தாளில் பொறுப்பாளராகப் பள்ளிப் பிள்ளையின் பெயரை எழுத வேண்டாம். ஒவ்வொரு முகாமிலும் கூடவந்த உடன்பிறப்புக்கென்று பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசின் 'விழுதுகள்' சேவை மையங்களில் மாதம் ஒரு சனிக்கிழமை, இந்த உடன்பிறந்த பிள்ளைகள் மட்டும் கூடிப் பேசவும் விளையாடவும் இடம் கொடுங்கள். வீட்டில், தம்பி ஸ்பிளின்ட் போட்டு மேசையைப் பிடித்து நிற்க, எதிரே நின்று அக்கா கேரம் ஆடட்டும். அவனுக்கும் அது நல்ல பயிற்சி, அவளும் அக்காவாகவே இருப்பாள்.

அந்தப் பையனுக்கு அறுவை சிகிச்சை முடிந்தால் மாவுக்கட்டு ஆறு வாரம்வரை இருக்கும். கட்டுப் பிரிக்கும் நாளில் அவளும் வருவாள். கால் இறுகியது உன்னால் இல்லையம்மா என்று அன்றைக்காவது அவளிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மூளை முடக்குவாதக் குழந்தைகளின் குடும்பங்களோடு பணிபுரிவோர்