பழைய காசு வீடியோ போடும் நண்பர்களுக்கு

வணக்கம்.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா தன் சுருக்குப் பையோடு வந்து உட்கார்ந்தார். உள்ளே காண்டாமிருகம் போட்ட நாலணாக்கள், அதாவது 25 பைசாக்கள், பதினோரு காசு. ஒவ்வொன்றும் லட்சம் பெறும் என்று வீடியோவில் பார்த்தாராம். வாங்கிக்கொள்கிறேன் என்று போனில் பேசிய ஆள், பதிவுக் கட்டணம் என்று 1,500 ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டான். இப்போது அந்த எண் எடுப்பதே இல்லை.

அந்த ஆள் உங்களில் ஒருவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்கு அந்த ஆசையைக் கொடுத்தது உங்கள் வீடியோதான்.

அந்தக் காசை நானும் நீங்களும் நன்றாக அறிவோம். 1988 முதல் 2002 வரை அடித்தது. துருப்பிடிக்காத எஃகு, 19 மில்லிமீட்டர் அகலம். காந்தம் வைத்தால் ஒட்டும்; அதற்கு முந்தைய செம்பு நிக்கல் நாலணா ஒட்டாது. 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாது. செல்லாது என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டதும், இனி கிடைக்காது, அதனால் விலை ஏறும் என்று ஜனங்கள் நினைத்துவிடுகிறார்கள். நான்கு நாணயச் சாலைகளில் கோடி கோடியாக அடித்த காசு அது. புழங்கித் தேய்ந்தது சில ரூபாய்க்கு மேல் போகாது. வைஷ்ணோ தேவி படம் போட்ட 2012 ஐந்து ரூபாயும் பொதுப் புழக்கத்துக்கு வந்த காசுதான். அதையும் பத்து லட்சம் என்கிறீர்கள்.

அக்காவின் காசுகளை ஜன்னலோரம் பரப்பி, பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். ஆண்டுக்குக் கீழே பாருங்கள் அக்கா என்றேன். சின்ன வைரக்கட்டம் இருந்தால் மும்பை நாணயச் சாலையில் அடித்தது. நட்சத்திரம் ஹைதராபாத். வெறும் புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. "அட, இதுல நட்சத்திரம் இருக்கு!" என்று அவர் சொன்னபோது முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் லட்சத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ஒரு காசுக்கு விலை வைப்பவர்கள் ஆண்டையும் அந்தக் குறியையும் பார்ப்பார்கள். அப்புறம், காண்டாமிருகத்தின் தோல் மடிப்பு எவ்வளவு கூர்மையாக நிற்கிறது என்று பார்ப்பார்கள். வீடியோவில் இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் பழைய செப்புக் காசைப் பளபளப்பாக்கி, வரவேண்டிய கொஞ்ச விலையையும் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய.

ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டி, பழைய காசு விற்கக் கட்டணமும் கமிஷனும் வரியும் கேட்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை வீடியோவின் முதல் வரியாகப் போடுங்கள். லட்சம் என்று தலைப்பிட்ட பழைய வீடியோக்களை எடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை அதே நாலணாவைக் கையில் எடுத்து, கேமராவை ஆண்டுக்குக் கீழே கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். நான் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
காசு சேர்ப்பவன் ஒருவன்