கௌதாரிமுனைக்கு முதலில் ஊரவர் போய்வர வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறையும் நீண்ட வார இறுதிகளும் வந்துவிட்டால், கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரியின் வாடியடிச் சந்தியில் வெளிமாவட்ட வாகனங்களை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கடலோரக் கிராமமான கௌதாரிமுனைக்கு வழி கேட்பவர்களைக் காண்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கைபேசிகளில் பரவும் ஒளிப்பதிவுகள் அந்தக் கரையை மாலைதீவோடு ஒப்பிடுகின்றன. மாலைதீவைப் பார்த்தறியாத எனக்கு அந்த ஒப்பீட்டின் நியாயம் தெரியாது. ஆனால் மணற்பிட்டிகளும் பனைகளும் ஆள் நடமாட்டம் குறைந்த நீண்ட கரையுமாக, அப்படியோர் இடம் வன்னியில் வேறொன்று இருப்பதாகச் சொல்வது கடினம். அங்கே விடுமுறைக் கிராமம் அமைய வேண்டும், விடுதிகள் வர வேண்டும் என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது. விடுதிகளைப் பற்றிப் பேசுமுன், அங்கே போய்ச் சேரும் வழியைப் பற்றியும், அந்த வழி முதலில் யாருக்கு உரியது என்பதைப் பற்றியும் பேச வேண்டும் என்று கருதி இதனை எழுதுகின்றேன்.

நெடுந்தூரப் பயணத்தில் இன்று பெரிய சிரமம் இல்லை. முன்பு கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறிக் கடந்த கடல்நீரேரியின் மேல் 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. அதன் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்கள் ஆனையிறவையும் பரந்தனையும் சுற்றாமல் நாவற்குழி, தனங்கிளப்பு வழியாகவே பூநகரிக்கு வந்துவிடலாம். மன்னாரிலிருந்து விடத்தல்தீவு, வெள்ளாங்குளம், முழங்காவில் வழியே ஏ-32 வீதி நேராக வருகிறது. கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு, 2013 செப்டெம்பரில் மீண்டும் கிளிநொச்சியைத் தொட்ட புகையிரதம் இருக்கிறது. அங்கிருந்து பரந்தன் சந்திக்கு வந்தால், பூநகரி சுமார் 25 கிலோமீற்றர் தூரந்தான். நாட்டின் எந்த மூலையிலிருந்தும் பூநகரிவரை பொதுப் போக்குவரத்தில் வந்து இறங்குவது இன்று இயலாத காரியமன்று.

சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பரமன்கிராய், வெட்டுக்காடு என்று உள்ளே போகப் போக நிலம் ஒடுங்குகிறது. ஒருபக்கம் யாழ்ப்பாணக் கடல்நீரேரியும் மறுபக்கம் பாக்கு நீரிணைக் கடலுமாக, வடமேற்கே நீண்டு கிடக்கும் மணல் நிலம் அது. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர்வரை வீசும் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று கடற்கரை மணலை அள்ளி வந்து வீதிக்குக் குறுக்கே போடும். காலையில் சுத்தமாகக் கிடந்த இடத்தில் பின்னேரம் ஒரு முழ உயரத்துக்கு மணல் ஏறியிருக்கும். வெளிநாட்டிலுள்ள உறவுகள் நல்லூர்த் திருவிழாவையொட்டி வந்து நிற்பதும், பிள்ளைகளுக்கு ஓகஸ்ட் விடுமுறை கிடைப்பதும் இதே காலத்தில்தான் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. தாழ்ந்த அடிப்பாகமுள்ள வான் ஒன்று அந்த மணலுக்குள் இறங்கிவிட்டால், சாரதி அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்கச் சில்லு கீழேதான் போகும். விஷயம் தெரிந்தவர்கள் ரயரில் காற்றைக் குறைத்து, சில்லுக்கு அடியில் பனையோலை போட்டு எடுக்கிறார்கள். தெரியாதவர்கள், கரைவலை இழுத்துக் களைத்து வந்த மனிதர்களைக் கூப்பிட்டு உழவு இயந்திரம் தேடச் சொல்கிறார்கள். அழைத்தவுடன் வந்து இழுத்துவிடும் பண்பு அந்த ஊரவரிடம் இருக்கிறது என்பதற்காக, அதையே ஒரு போக்குவரத்து ஏற்பாடாக நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

மழைக்காலத்தில் மணல் இறுகிவிடும். அப்போது பள்ளங்களில் தேங்கும் வெள்ளம் வேறொரு தொல்லையாகிவிடுகிறது. ஆகவே மார்கழி விடுமுறையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. மாசி முதல் சித்திரைவரை வருவது நல்லது.

விருந்தினர் ஆண்டில் ஒருநாள் படும் இந்தச் சிரமத்தை ஊரவர் ஆண்டு முழுவதும் படுகிறார்கள். போருக்குப் பின்னர் மீளக்குடியமர்ந்த அந்த மக்களுக்கு நண்டும் இறாலும் மீனுமே வாழ்வாதாரம். ஐஸ் கரைவதற்குள் சந்தைக்குப் போகாத மீனுக்கு விலை இல்லை. உயர்தரம் படிக்கும் பிள்ளை, கிளினிக் நாளுக்குப் போக வேண்டிய கர்ப்பிணித் தாய், கொடுப்பனவு எடுக்கப் போகும் முதியவர் ஆகிய எல்லோரும் பூநகரிக்கு வந்தாக வேண்டும். பேருந்து தவறினால் முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் பணம் ஒருநாள் உழைப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். எனவே, சுற்றுலாவுக்கென்று தனியாக எதையும் கேட்பதை விடுத்து, ஊரவருக்காகக் காலையும் மாலையும் தவறாது ஓடும் பேருந்துகளைக் கேட்பதே முறை. அவை ஏ-32 வீதியால் வரும் யாழ்ப்பாணம் – மன்னார் பேருந்துகளோடும், பரந்தனிலிருந்து வரும் பேருந்துகளோடும் வாடியடியில் இணையும்படி நேரம் அமைந்தால், விருந்தினரும் அவற்றிலேயே போய்வரலாம். வாகனம் வைத்திருப்பவன் மட்டுமே கடல் பார்க்கலாம் என்ற நிலையும் மாறும். நேர அட்டவணையைச் சந்தியில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கப் பெரிய நிதி தேவையில்லை. இப்போது அந்த நேரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், சந்திக் கடைக்காரரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

வீதி என்றவுடன் கடற்கரை மணலை முட்டும்வரை அகலமான காப்பற் வீதி போட வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்குள்ள மணற்பிட்டிகள் வெறும் அழகுக்காக நிற்பவையல்ல. மழைநீரை உறிஞ்சி, உவர்நீருக்கு மேலே நன்னீரைத் தாங்கி நிற்பவை அவையே. இருபக்கமும் உப்புநீர் சூழ்ந்த இடத்தில் கிணறுகள் குடிக்கத்தக்க தண்ணீரைக் கொடுக்கின்றன என்றால், அந்தப் பிட்டிகள் இருப்பதால்தான். பிட்டியை வெட்டி வீதியை அகலித்தால் முதலில் உவர்ப்பது ஊரவரின் கிணறு. அது மட்டுமன்று, அகன்ற வீதி கிடைத்தால் அதில் முதலில் ஓடப்போவது விருந்தினர் வானா, மணல் ஏற்றிய ரிப்பர் லொறியா என்ற கேள்வியும் இருக்கிறது. கௌதாரிமுனை மணல் அகழ்வுக்கு எதிராக எத்தனை முறை ஊரவர் குரல் கொடுத்தார்கள் என்பதைத் தங்கள் பத்திரிகை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குடியிருப்புவரை ஒரு வாகனம் போகும் அகலமுள்ள உறுதியான வீதியும், எதிரே வரும் வாகனத்துக்கு ஒதுங்க இடையிடையே அகலமான இடங்களும், சோளகக் காலத்தில் மணலை அகற்றிப் பிட்டிக்கே திருப்பிப் போடும் ஒழுங்கும் போதும். வாகனத் தரிப்பிடம் குடியிருப்புக்கு முன்னரே அமைய வேண்டும். அதற்கு அப்பால் நடந்து போகட்டும். நடக்க முடியாதவர்களை ஏற்றிச் செல்ல ஊர் இளைஞர்களின் உழவு இயந்திரங்கள் இருக்கின்றன. அந்தக் கூலியும் ஊருக்குள்ளேயே நிற்கும்.

யாழ்ப்பாணத்துக்கு நேரெதிரே கடல்நீரேரிக்கு அப்பால் முனை தெரிவதைப் பார்த்துவிட்டு, மீன்பிடிப் படகுகளில் வந்துவிடலாம் என்று எண்ணுபவர்களும் உள்ளனர். நயினாதீவுப் பயணத்தில் உயிர்காப்பு அங்கி அணிந்து செல்லப் பழகிய நாம், குழந்தைகளோடு இந்தப் படகுகளில் எதுவுமின்றி ஏறுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. உரிய அனுமதியும் அங்கிகளும் உள்ள பயணிகள் படகுச்சேவை ஒன்று வருமானால், அருகிலுள்ள மண்ணித்தலையின் பழைய சிவாலயத்தையும் பலர் பார்த்துச் செல்ல வாய்ப்பு ஏற்படும்.

விருந்தினருக்கும் ஒரு வார்த்தை. குடிநீரைக் கையோடு கொண்டு வாருங்கள். ஊர்க் கிணற்றில் குளிக்கக் கேட்காதீர்கள். இருட்டுமுன் பூநகரிக்குத் திரும்பிவிடுங்கள். கொண்டுவந்த போத்தல்களைத் திருப்பி எடுத்துச் செல்லுங்கள். வெறுங்காலோடு வலை இழுக்கும் கரை அது. உடைந்த போத்தல் ஒன்று ஒரு குடும்பத்தின் ஒருவார உழைப்பைக் கெடுத்துவிடும்.

பிரதேச சபையும் போக்குவரத்துக்குப் பொறுப்பானவர்களும் இவ்விடயத்தில் ஊர் மீனவர் சங்கங்களையும் அழைத்து ஒருமுறை அமர்ந்து பேச வேண்டும். வீதி வேலைக்குக் காலம் எடுக்கலாம். ஆனால் பேருந்து நேரங்களை ஒழுங்குபடுத்தி வாடியடியில் அறிவித்தல் பலகை நாட்டுவதையும், மணல் அகற்ற ஓர் உழவு இயந்திரத்தை ஒதுக்குவதையும் அடுத்த சோளகம் தொடங்குமுன் செய்துவிடலாம். இதற்கான பதிலைப் பொறுப்பானவர்கள் தங்கள் பத்திரிகை வாயிலாகவே தெரிவிப்பார்கள் என எதிர்பார்க்கின்றேன்.

இங்ஙனம்,
பூநகரி வாசகர் ஒருவர்