மின்னணுப் பூனைக் கதவு வாங்க எண்ணுவோருக்கு

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வளர்ப்புப் பூனைகளுக்கு 20 வார வயதாவதற்குள் மைக்ரோசிப் (அடையாள இலக்கம் பதிந்த சிறு மின்னணுச் சில்லு) பொருத்தப்பட வேண்டும் என்ற சட்டம் 2024 ஜூன் 10 முதல் இங்கிலாந்தில் நடைமுறையில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். சிப் இல்லையெனக் கண்டறியப்பட்டால் பொருத்துவதற்கு 21 நாள் அவகாசம் தரப்படும். அதன் பின்னரும் பொருத்தாவிட்டால் 500 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம். எப்படியும் சிப் போட்டாகிவிட்டது, அதையே வாசித்துத் திறக்கும் கதவொன்றையும் வாங்கிவிடலாம் என்று கேட்டு வருவோர் எமது கடையில் அதிகரித்துள்ளார்கள். வருபவர்கள் முதலில் விசாரிப்பது விலையையும் கைத்தொலைபேசிச் செயலியையும் பற்றித்தான். நாம் முதலில் கேட்பதோ, உங்கள் பூனையின் சிப் எத்தனை இலக்கம், பூனைக் கதவுக்கான துளையை எதில் வெட்டப்போகின்றீர்கள் என்ற இரண்டையும். அதற்கான காரணத்தை விளக்கவே இம்மடலை எழுதுகின்றோம்.

அரிசிமணி அளவேயான அந்தச் சிப், பூனையின் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலின் கீழ் இருக்கின்றது. அதற்குள் பற்றரி கிடையாது. பூனை தலையை நுழைத்ததும் கதவின் கூட்டிலுள்ள கம்பிச்சுருள் ஒரு மெல்லிய வானொலி அலையை எழுப்ப, சிப் அந்த அலையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சக்தியைப் பெற்றுத் தன் இலக்கத்தைத் திருப்பி அனுப்பும். அது கதவின் நினைவில் ஏற்கெனவே பதிந்த இலக்கமாக இருந்தால் 'டிக்' என்று பூட்டு விலகும். தற்போது பொருத்தப்படும் சிப்களுக்கு 15 இலக்கங்கள் உண்டு. பழைய பூனைகள் சிலவற்றில் 9 அல்லது 10 இலக்கச் சிப்கள் இருப்பதால், அவற்றையும் வாசிக்கும் கதவுதானா என்பதைப் பெட்டியில் பார்த்த பின்னரே வாங்க வேண்டும். சிப் காலப்போக்கில் தோளின் பக்கமாகச் சரிந்துவிடுவதும் உண்டு. அடுத்த தடவை மிருக வைத்தியரிடம் போகும்போது, இலக்கத்தை எழுதித் தரும்படியும் சிப் எந்த இடத்தில் வாசிக்கப்படுகின்றது என்று காட்டும்படியும் கேளுங்கள். அப்படியே சிப் இலக்கம் பதியப்பட்டுள்ள பதிவேட்டில் உங்கள் முகவரியும் தொலைபேசி இலக்கமும் சரியாக உள்ளனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கழுத்துப்பட்டியில் காந்தம் தொங்கவிடும் மலிவான கதவுகளும் விற்பனையில் உள்ளன. அயல்வீட்டுப் பூனையும் காந்தம் அணிந்திருந்தால் அதுவும் உள்ளே வந்துவிடும். பட்டி கழன்று விழுந்தாலோ சொந்தப் பூனை வெளியில் நிற்கும். ஆகவே அவற்றை நாம் பரிந்துரைப்பதில்லை.

சாதாரண மைக்ரோசிப் கதவு உள்ளே வரும் பூனையை மட்டுமே சோதிக்கும். வெளியே போவதற்கு எந்தப் பூனையும் தள்ளிக்கொண்டு போகலாம். வேற்றுப் பூனை புகுந்து சாப்பாட்டைத் தின்கின்றது, சுவரில் சிறுநீர் தெளிக்கின்றது என்பதுதான் உங்கள் பிரச்சினையாயின் இதுவே தாராளமாகப் போதும். ஒரு பூனையை வெளியே விட்டு, இன்னும் கருத்தடை செய்யாத குட்டியையோ நோயுற்ற முதிய பூனையையோ வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டியவர்களுக்குத்தான் இரு பக்கமும் வாசிக்கும் வகை அவசியமாகின்றது. போய் வந்த நேரங்களைச் செயலியில் பார்ப்பது மனதுக்கு ஆறுதல் தரும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் செயலி வசதிக்காகச் செலவாகும் பணத்தைக் கதவைச் சரியாகப் பொருத்துவதில் செலவிடுவதே மேல் என்பது எமது கருத்து.

பொருத்தும் இடத்திலேதான் அதிகமான தவறுகள் நேர்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன், உலோகத் தகடு பதித்த பின்கதவு என்று விசாரித்தறியாமல் ஒரு குடும்பத்துக்கு நாமே பூனைக் கதவொன்றை விற்றுவிட்டோம். சுற்றியிருந்த உலோகம் அலையை மழுங்கடித்ததால், அவர்களுடைய பூனை மழையில் நனைந்தபடி தலையை விட்டுவிட்டு எடுத்துக்கொண்டிருந்ததே தவிர, பூட்டுத் திறக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டுக் கதவின் படத்தைப் பார்க்காமல் நாம் விற்பதில்லை. உலோகக் கதவுக்கு இடையில் வைக்கும் தனிச் சட்டகம் தேவைப்படும். கண்ணாடிக் கதவாயின் இன்னும் கவனம் வேண்டும்: வலுவூட்டப்பட்ட கண்ணாடியைப் பின்னர் வெட்ட முடியாது, வெட்ட முயன்றால் முழுத் தகடும் நொறுங்கிவிடும். இரட்டைக் கண்ணாடியாயின், துளையுடன் கூடிய புதிய கண்ணாடியைக் கண்ணாடி வேலை செய்பவரிடம் சொல்லிச் செய்விக்க வேண்டும். சுவரில் வைப்பதாயின் சுவரின் தடிப்பை அளந்து, அதற்கேற்ற நீட்டுக் குழாய்களையும் சேர்த்து வாங்குங்கள். அடுக்குமாடி வீட்டின் முன்கதவு பெரும்பாலும் தீத்தடுப்புக் கதவாக இருக்கும்; அதில் ஒருபோதும் துளையிடாதீர்கள். வாடகை வீடாயின், வீட்டுச் சொந்தக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் கிடைக்கும்வரை பெட்டியைத் திறக்கவும் வேண்டாம்.

பூனைக் கதவு வாசலின் கீழ்விளிம்பு பூனையின் வயிற்று மட்டத்துக்கு வர வேண்டும். வெளிப்புற நிலம் தாழ்வாக இருந்தால் ஒரு படி வையுங்கள். சாதாரணக் கதவொன்றின் வாசல் ஏறக்குறைய 142 மில்லிமீற்றர் அகலமும் 120 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. மேய்ன் கூன் போன்ற பெரிய பூனை வளர்ப்பவர்கள் பெரிய அளவைத்தான் எடுக்க வேண்டும்.

பதிவு செய்வதற்கான பொத்தானை அழுத்தியதும், அடுத்ததாகத் தலை நீட்டும் பூனையின் இலக்கத்தையே கதவு தன் நினைவில் பதிந்துகொள்ளும். அந்த நேரம் பார்த்து அயல்வீட்டுப் பூனை வந்துவிட்டால் அதுதான் பதிவாகும் என்பதால், உங்கள் பூனை வாசலருகில் இருக்கும்போதே, கையில் அதற்குப் பிடித்த தீனியுடன் பொத்தானை அழுத்துங்கள். முதற் சில நாட்களுக்கு பூனைக் கதவின் ஆடும் தகட்டை ஒட்டுநாடாவால் தூக்கிக் கட்டிவிட்டு, பூனை தானாகப் போய் வரப் பழகிய பின் சிறிது சிறிதாக இறக்குங்கள். பூட்டின் அந்தச் சிறு ஓசைக்கே மிரண்டு இரண்டு நாள் கிட்ட வராத பூனைகள் உண்டு. பிடித்துத் தள்ளினால் அச்சம் இன்னும் கூடும்.

பூனைக் கதவில் போடும் பற்றரியும் முக்கியம். மீள்மின்னேற்றப் பற்றரிகளின் மின்னழுத்தம் குறைவு என்பதால் சாதாரண அல்கலைன் பற்றரிகளையே போடுங்கள். எச்சரிக்கை விளக்கு மினுங்கத் தொடங்கியதும் தாமதிக்காமல் மாற்றிவிடுங்கள். பற்றரி முழுதாகத் தீர்ந்தால் உங்கள் பூனைக்கே பூட்டுத் திறக்காது.

கடைக்கு வரும்போது சிப் இலக்கத்தையும், கதவு அல்லது சுவரை உள்ளும் புறமும் எடுத்த இரு படங்களையும், அதன் தடிப்பின் அளவையும் கொண்டு வாருங்கள். வாங்கிச் சென்ற பின்னரும், வெட்டுவதற்கு முன் சந்தேகம் ஏதும் எழுந்தால் எம்மை அழையுங்கள்.

அன்புடன்,
கடையினர்