உடன் அமர்ந்து சாப்பிட்ட அக்காவுக்கும், உங்கள் எல்லோருக்கும்

அலபாமாவில் வாழும் டஸ்கலூசா, பர்மிங்காம் தமிழ் உறவுகளுக்கு வணக்கம்.

என் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று இரவு ரசஞ்சாதத்தைத் தன் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். உடல்நிலை பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. பொங்கலுக்கு மறுநாளிலிருந்து நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். பல நாட்கள் என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. மனசு இன்னும் ஆறாமல் இருக்கும்போதே இதை எழுதிவிட நினைத்தேன். ஆறிவிட்டால் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஏதாவது எழுதிவிடுவேன்.

முறை போட்டுச் சமைத்துக் கொடுத்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போய் வந்தவர்கள், வான்ஸ் ஊர்க் கார் தொழிற்சாலையில் அவருடைய ஷிஃப்டைப் பகிர்ந்துகொண்ட நண்பர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், சென்னையில் அத்தைக்கு அவசர விசா வாங்கிக் கொடுத்து விமானம் ஏற்றிவிட்டவர்கள், நடுராத்திரியில் இன்சூரன்ஸ் கடிதத்தை வரிவரியாகப் படித்துப் புரியவைத்த தம்பி, எல்லோருக்கும் நன்றி. பெயர் போட்டு எழுதினால் நிச்சயம் யாரையாவது விட்டுவிடுவேன். அப்புறம் தீபாவளி விழாவில் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. சாம்பார் வந்த பாத்திரங்கள் எல்லாம் கழுவி அடுக்கி வைத்திருக்கிறேன், மூடிகள்தான் யாருடையது எது என்று தெரியவில்லை.

இந்த மடலில் பெரும்பங்கு உங்களில் யாருக்கும் இல்லை. கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

மருத்துவமனையில் இரவு வரவேற்பு மேசையில் ஓர் அக்கா இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், கறுப்பினப் பெண், டஸ்கலூசாவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய சாப்பாட்டு நேரம் நள்ளிரவை ஒட்டி வரும். கீழ்த்தளத்து உணவுக்கூடத்தில் அந்த நேரத்தில் நானும் என் மடிக்கணினியும்தான் இருப்போம். முதல் தடவை அவர் தன் தட்டோடு வந்து, "இங்கே உட்காரட்டுமா, பேபி?" என்று கேட்டார். சுற்றிலும் எல்லா மேசைகளும் காலி. நான் தலையாட்டினேன். அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். என் கணவருக்கு எப்படி இருக்கிறது, மருத்துவர் என்ன சொன்னார், எதுவும் கேட்கவில்லை. சோளமாவு ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் காகிதக் கைக்குட்டையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவ்வளவுதான் உதவி. மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். பணிக்கு வராத இரவுகள் தவிர, நாங்கள் அங்கே இருந்தவரை அவர் என் மேசையில்தான் சாப்பிட்டார். அந்த மாதங்களில் நான் சந்தித்த ஒவ்வொருவரும் அன்பாகத்தான் விசாரித்தார்கள். விசாரிப்புகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நான் களைத்துப்போயிருந்தேன் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

ஒருநாள் நானாகத்தான் பேச்சைத் தொடங்கினேன். கடைசி செமஸ்டரை விட்டுவிடப் போகிறேன், பட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றேன். என்ன படிப்பு என்று கேட்டார். நூலக அறிவியல் என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மிஸ் ஆதரின் படிக்க வந்ததும் அதற்குத்தானே, தெரியாதா உனக்கு?"

ஆதரின் லூசி பெயர் நான் படித்த அலபாமா பல்கலைக்கழக வளாகத்தில் யாருக்கும் புதிதில்லை. ஃபாஸ்டர் அரங்கத்துக்கு முன்னால் அவர் பெயரில் மணிக்கூண்டு இருக்கிறது. ஆனால் அந்த அக்கா சொன்ன விதத்தில் நான் கேட்டதில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டே, பக்கத்து வீட்டுக் கதை மாதிரி, சில இரவுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

1952இல் ஆதரினும் அவருடைய தோழி பாலி ஆன் மையர்ஸும் அலபாமா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார்கள். இடம் கிடைத்தது. இருவரும் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் இடம் இல்லை என்றார்கள். சட்டப் போராட்டம் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் நடந்தது. தர்குட் மார்ஷல், கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி, பர்மிங்காமின் ஆர்தர் ஷோர்ஸ் வாதாடினார்கள். 1955இல் தீர்ப்பு சாதகமாக வந்தது. அப்புறமும் பல்கலைக்கழகம் பாலி ஆனைச் சேர்க்காமல் ஆதரினை மட்டும் சேர்த்தது. அதிலும் ஒரு நிபந்தனை: வகுப்புக்கு வரலாம், விடுதியில் தங்கக் கூடாது, உணவுக்கூடத்தில் சாப்பிடக் கூடாது.

இந்த இடத்தில் அக்கா தன் தட்டைச் சுட்டிக்காட்டி, "புத்தகத்தைக் கொடுத்துவிட்டுச் சோற்றை மறுத்தார்கள்" என்றார்.

1956 பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை, முதல் வகுப்பு. திங்கட்கிழமை கும்பல் திரண்டது. முட்டையும் கல்லும் பறந்தன. வகுப்பறைக் கட்டடத்துக்குள் அவரை வைத்துப் பூட்டி, கடைசியில் காவல்துறை வண்டியில் வெளியே கொண்டுபோனார்கள். அன்றிரவே 'அவருடைய பாதுகாப்புக்காக' இடைநீக்கம். கல்லெறிந்தவர்களின் பாதுகாப்பு பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பல்கலைக்கழகமும் கும்பலோடு சேர்ந்துகொண்டது என்று அவர் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னதைக் காரணம் காட்டி நிரந்தரமாகவே நீக்கிவிட்டார்கள். மொத்தம் மூன்று நாள் படிப்பு.

இதுவரை எனக்கும் தெரியும். அக்கா அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னை அசைத்தது. 1988இல் அந்த நீக்கத்தைப் பல்கலைக்கழகம் ரத்து செய்தது. அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஆதரின் திரும்ப வந்து சேர்ந்தார். அப்போது அவருடைய மகள் கிராசியாவும் இதே பல்கலைக்கழகத்தில் மாணவி. 1992இல் ஒரே விழாவில் மகள் நிதித்துறையில் இளநிலைப் பட்டமும், தாய் தொடக்கக் கல்வியில் முதுநிலைப் பட்டமும் வாங்கினார்கள்.

"நானும் அன்றைக்குத்தான் வாங்கினேன்" என்றார் அக்கா. "என் அம்மா நல்ல உடை, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கண் முழுக்க அவர்கள் இருவர் மேல்தான். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், நான் மேடையேறியதைப் பார்த்தாயா என்று. பார்த்திருப்பேன் என்றாள்!" இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் காவலர் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

விட்டுவிடாதே, படி, போராடு என்றெல்லாம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து உட்கார்ந்ததும், "இன்றைக்கு எத்தனை பக்கம்?" என்று மட்டும் கேட்பார். அரைப் பக்கம் என்றாலும் சரி என்பார். ஒன்றுமில்லை என்றாலும் சரி என்பார். அந்தக் கேள்விக்குச் சொல்ல ஏதாவது வேண்டுமே என்றுதான் நான் எழுதினேன். முழுக்க முழுக்க அந்த மேசையில் எழுதிய அறிக்கைக்குத்தான் இந்த மே மாதம் பட்டம் கிடைத்தது. விழாவுக்கு அக்கா இரவுப்பணி முடித்து நேராக வந்தார். பாதி நேரம் உட்கார்ந்தபடியே தூங்கியதாக அத்தை சொன்னார்கள். என் பெயரை, வழக்கம்போல் பாதியை விழுங்கித்தான் வாசித்தார்கள். அவர் எழுந்து நின்று கத்திய கத்தலில் பக்கத்தில் இருந்த அத்தைக்குத் தூக்கிவாரிப்போட்டுவிட்டது. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆனால் அதற்குள் அத்தை அவருக்கு முறுக்கு கொடுத்துச் சிநேகம் பிடித்திருந்தார்கள்.

அக்கா, இதை உங்களுக்கு வாய்மொழியாகச் சொன்னபோது "நான் சாப்பிடத்தானே வந்தேன்" என்றீர்கள். அது எனக்கு ஒத்துவரவில்லை. அதனால் எழுத்தில் வைக்கிறேன். நன்றி.

உறவுகளே, கொஞ்சம் நீளமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, என் கணவர் தூங்கும் நேரங்களில் விவியன் மலோன் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய முதல் கறுப்பின மாணவி அவர்தான். 1963 ஜூன் 11 அன்று கறுப்பின மாணவர்கள் சேரக் கூடாது என்று ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் ஃபாஸ்டர் அரங்க வாசலை மறித்து நின்ற படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தப் படம் என்னவோ ஆளுநரைத்தான் நடுவில் வைத்திருக்கிறது. அதே நேரத்தில் நடந்த இன்னொரு காரியம் படத்தில் இல்லை. வாலஸ் காலையில் வழிவிட மறுத்ததும், மத்திய அரசின் அதிகாரி காட்ஸன்பாக் விவியனை விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போய் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டார். மதிய வேளை. விவியன் கீழே இறங்கி உணவுக்கூடத்துக்குப் போய்த் தனியாக ஒரு மேசையில் அமர்ந்தார். இருபது வயதுப் பெண். சில வெள்ளை மாணவிகள் எழுந்து வந்து, தங்கள் பெயரைச் சொல்லி, அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வாசலில் ஆளுநர் இன்னும் விலகியிருக்கவில்லை. தேசியக் காவல்படை வந்து அவர் விலகியது அன்று பிற்பகலில்தான்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஆதரினுக்கு மறுத்த அதே சாப்பாட்டு மேசை. அந்த மாணவிகளின் பெயர் எந்தப் பலகையிலும் கிடையாது. அக்கா தட்டோடு வந்து நின்ற இரவை நினைத்துக்கொண்டு அந்தப் பத்தியையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

இன்னொன்றும் படித்தேன். 1963இல் விவியனும், அவரோடு சேர வந்த கறுப்பின மாணவர் ஜேம்ஸ் ஹூடும் உள்ளே நுழையப் புதிதாக ஒரு தீர்ப்பு தேவைப்படவில்லை. 1955இல் ஆதரின் வாங்கிய ஆணையே இன்னமும் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தும் என்றார் நீதிபதி. மூன்றே நாள் படித்துவிட்டுத் துரத்தப்பட்டவரின் காகிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்தவர்கள் நுழைந்தார்கள். ஹூட் இரண்டு மாதங்களில் விலகிவிட்டார். அவரும் பிற்பாடு திரும்பி வந்து 1997இல் முனைவர் பட்டம் பெற்றார். விவியன் 1965 மே மாதம் மேலாண்மைப் பட்டத்தோடு வெளியே வந்தார். அலபாமாவில் அவருக்கு வேலை கொடுக்க ஆளில்லை. வாஷிங்டனுக்குப் போய் நீதித்துறையில் சேர்ந்தார்.

அதே 1965 அக்டோபரில்தான் நாடுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய குடியேற்றச் சட்டம் கையெழுத்தானது. அதற்கு முன் இந்தியாவுக்கான ஒதுக்கீடு ஆண்டுக்கு நூறு பேர். குடிமை உரிமைச் சட்டம், வாக்குரிமைச் சட்டம் இரண்டையும் கொண்டுவந்த அதே அலையில் வந்த சட்டம் அது. நம்மில் பலர் 'நான் என் மதிப்பெண்ணால் வந்தேன்' என்று சொல்லிக்கொள்கிறோம். வந்தோம்தான். கதவைத் திறந்து வைத்தவர்கள் வேறு. நம் வீட்டு விருந்துகளில் 'அந்தப் பக்கம் வீடு பார்க்காதே' என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தப் பக்கத்தில்தான் அக்காவின் வீடு இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். வாசலில் அருமையான அத்திமரம்.

கல்விக் கல்லூரிக் கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு பிப் கிரேவ்ஸ் என்ற ஆளுநரின் பெயர். அவர் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் தலைவர்களில் ஒருவராக இருந்தவர். 2022 பிப்ரவரியில் அறங்காவலர் குழு முதலில் இரண்டு பெயரையும் சேர்த்து 'லூசி-கிரேவ்ஸ்' என்று வைத்தது! எந்தக் குழுக்கூட்டத்தில் யாருக்கு இந்த யோசனை தோன்றியதோ. மாணவர்கள் எதிர்த்ததும் சில நாட்களுக்குள் 'ஆதரின் லூசி ஹால்' என்று மட்டும் மாற்றினார்கள். பிப்ரவரி 25 அன்று பெயர்சூட்டு விழாவுக்கு அவரே வந்திருந்தார், 92 வயதில். மார்ச் 2 அன்று காலமானார்.

சரி, நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் புது மாணவர்கள் வருகிறார்கள். பர்மிங்காம் விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்து, இந்தியக் கடையைக் காட்டி, வங்கிக் கணக்கு திறந்து, சிம் வாங்கிக் கொடுப்பது நம் வழக்கம். இந்த வருடத்திலிருந்து அதோடு ஃபாஸ்டர் அரங்கம், மலோன்-ஹூட் திடல், ஆதரின் மணிக்கூண்டு, ஆதரின் லூசி ஹால் நான்கையும் நடந்தே காட்டப்போகிறேன். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து வளாக உணவுக்கூடத்தில் மதியச் சாப்பாடு, செலவு எங்களுடையது. அக்கா பகலில் தூங்க வேண்டியவர். இருந்தாலும் 1992 கதையைத் தன் வாயாலேயே சொல்ல வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஏழு பேர் அமரும் வண்டி வைத்திருப்பவர்கள் ஜூலைக்குள் எனக்குச் சொல்லுங்கள். பாத்திரம் எடுக்க வருகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள். அதுவரை என் கணவர் தூங்குவார். மூடிகளை மேசை மேல் பரப்பி வைக்கிறேன், உங்களுடையதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.