ஒதுக்கிய டேக்குகளை அழித்துவிடாதீர்கள்

படத் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். ஸ்பெயின் இயக்குநர் பெத்ரோ அல்மோதோவார் 2009இல் எடுத்த 'புரோக்கன் எம்ப்ரேசஸ்' படத்தைப் பலரும் காதல் கதையாகத்தான் பேசுகிறார்கள். இயக்குநர் மத்தேயோவும் நடிகை லேனாவும் காதலித்து, மாட்ரிடை விட்டு லான்சரோத்தே தீவுக்கு ஓடிப்போகிறார்கள். அங்கே ஒரு கார் விபத்து. அவள் இறந்துவிடுகிறாள், அவருக்குப் பார்வை போய்விடுகிறது. சரி, காதல் கதைதான். ஆனால் இந்த மடல் அதில் வரும் தயாரிப்பாளர் எர்னெஸ்தோ மார்ட்டெலைப் பற்றியது.

மார்ட்டெல் பெரும் பணக்காரர். தன்னோடு வாழும் லேனாவுக்கு நடிக்க ஆசை என்பதால், மத்தேயோ அவளை வைத்து எடுக்கும் படத்துக்குப் பணம் போடுகிறார். பிறகு சந்தேகம் வந்து, வீடியோ கேமராவோடு மகனைப் படப்பிடிப்புக்கு அனுப்புகிறார். எடுத்து வந்ததில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. உதட்டசைவைப் படித்துச் சொல்ல ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறார். ஒருநாள் அவர் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது லேனாவே அறைக்குள் வந்து நிற்கிறாள். திரையில் அசையும் தன் உதடுகளுக்குத் தானே குரல் கொடுத்து, அவரை விட்டுப் போகிறேன் என்கிறாள். டப்பிங்கை இவ்வளவு உக்கிரமாகப் பயன்படுத்திய காட்சி வேறெதுவும் எனக்கு நினைவில் இல்லை. பெனலோப்பி குரூஸின் முகமும் குரலும் ஒரே அறையில் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன.

அப்புறம் அவர் பழிவாங்குகிறார். ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போது ஒவ்வொரு முறை எடுப்பதும் ஒரு டேக். எடிட்டிங் மேசையில், ஒவ்வொரு ஷாட்டுக்கும் இருப்பதிலேயே மோசமான டேக்கைப் பொறுக்கிச் சேர்த்துப் படத்தை வெளியிடுகிறார். அவளை மாடிப்படியில் தள்ளிக் காலை உடைத்த அதே ஆள், அவளுடைய நடிப்பையும் உடைத்துப்போடுகிறார். படம் பார்க்கிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? இந்தப் பெண்ணுக்கு நடிக்கத் தெரியவில்லை என்றுதானே நினைப்பார்கள்!

14 வருடங்கள் கழித்து மத்தேயோ அந்தப் படத்தை மறுபடி வெட்டித் தொகுக்க முடிகிறது என்றால், தயாரிப்பு நிர்வாகி ஜூடித் அசல் டேக்குகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததுதான் காரணம். பார்வையில்லாத இயக்குநர் காதால் கேட்டு நல்ல டேக்கைக் கண்டுபிடிக்கிறார். இறந்துபோனவளுக்கு அவளுடைய திறமையாவது திரும்பக் கிடைக்கிறது.

நிஜத்தில் இப்படி நடப்பது அரிது. அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்தில் 1942இல் ஸ்டூடியோ 40 நிமிடங்களுக்கு மேல் வெட்டியது. அப்போது அவர் பிரேசிலில் இருந்தார். முடிவையும் அவர் இல்லாமலே வேறு ஆட்களை இயக்கவைத்து எடுத்துச் சேர்த்தார்கள். வெட்டிய நெகட்டிவை அழித்துவிட்டார்கள். அதனால் அவர் நினைத்த படத்தை இன்று யாராலும் மீட்க முடியவில்லை. ஸ்பெயினிலேயே இயக்குநர் விக்டர் எரிசேயின் 'எல் சூர்' பாதியில் நிறுத்தப்பட்டு 1983இல் அப்படியே வெளியானது. அதன் இரண்டாம் பகுதியை எடுக்கவே விடவில்லை.

ஸ்பெயினின் அறிவுசார் சொத்துச் சட்டம், முடிவான வடிவத்தின் மூலப்பிரதியை அழிக்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அந்தப் பாதுகாப்பு முடிவான வடிவத்துக்கு மட்டும்தான். அந்த முடிவே மார்ட்டெல் போன்ற ஒருவரின் கையில் இருந்தால், சட்டம் காப்பாற்றுவது அவருடைய வெட்டைத்தான். மிச்சமுள்ள டேக்குகளைப் பற்றி அது பேசவில்லை.

ஆகவே கேட்கிறேன். பணம் உங்களுடையது, எதை வெளியிடுவது என்று தீர்மானிப்பதும் பெரும்பாலும் நீங்கள்தான். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் படம் வெளியானதும் ஹார்டு டிஸ்க்கைத் துடைத்து அடுத்த படத்துக்குக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். இயக்குநரின் முதல் தொகுப்பையும், பயன்படுத்தாத டேக்குகளையும், ஒலிப்பதிவையும் ஓர் ஆவணக் காப்பகத்தில் ஒப்படையுங்கள். படம் ஓடாவிட்டாலும் இதைச் செய்யுங்கள், அப்போதுதான் இது அதிகம் தேவைப்படும். நடிகரோடும் இயக்குநரோடும் கையெழுத்திடும் ஒப்பந்தத்திலேயே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிடுங்கள். பின்னால் யாருக்கு யார் மேல் கோபம் வந்தாலும் அந்த நிபந்தனை மாறாமல் இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு திரைப்பட ரசிகர்