குளிர் அலைக்கு முன்னால் வரும் வெயில்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நடுக்குளிர்காலத்தில் வெயில் காய்ந்தால் நம் பத்திரிகைகளில் அது ஒரு வேடிக்கைச் செய்தி. சில நாள் கழித்துக் குளிர் அலை இறங்கினால் அது வேறொரு பேரிடர்ச் செய்தி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சேதம் ஏன் அவ்வளவு என்பது விளங்கும். டல்லாஸ், ஹூஸ்டன், அட்லாண்டா, ஷார்லட் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அங்கே பாரன்ஹீட் கணக்குதான் புழக்கம். அதில் 32 டிகிரி என்பது நம் செல்சியஸ் கணக்கில் சுழியம், அதாவது தண்ணீர் உறையும் நிலை.

வடக்கிலிருந்து ஆர்க்டிக் காற்று இறங்கும்போது, அதற்கு முன்னால் நகரும் காற்றழுத்தத் தாழ்வு மெக்சிகோ வளைகுடாவின் வெதுவெதுப்பான ஈரக்காற்றைத் தெற்கிலிருந்து இழுத்துக்கொள்கிறது. அதனால் குளிர் நுழைவதற்கு முந்தைய நாளே பல சமயம் அந்த வாரத்தின் மிக வெப்பமான நாளாக அமைந்துவிடும். 1911 நவம்பர் 11 அன்று ஓக்லஹோமா நகரில் 83 டிகிரி வெயில் அடித்தது. நள்ளிரவுக்குள் வெப்பநிலை 17க்கு விழுந்தது. 2021 டிசம்பர், டெக்சாஸில் பதிவான டிசம்பர்களிலேயே மிக வெப்பமானது. புத்தாண்டு பிறந்த கையோடு அம்மாநிலத்தின் வடபகுதி உறைநிலைக்குக் கீழே போனது. ஆக, ஜனவரியில் அரைக்கைச் சட்டையோடு நிற்க முடிகிற நாளில்தான் முன்னேற்பாட்டு வேலைகளை முடிக்க வேண்டும்.

வெயில் மரங்களைக் கெடுக்கும் விதம் நுட்பமானது. பீச் போன்ற மரங்கள் உறக்கம் கலைய, 32 முதல் 45 டிகிரி வரையிலான குளிரில் குறிப்பிட்ட மணி நேரத்தைக் கழித்தாக வேண்டும். ரகத்தைப் பொறுத்து இது 150 மணியிலிருந்து 1,000 மணிக்கு மேல் வரை போகும். அந்தக் கணக்கு தீர்ந்தபின் மரம் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. நாலைந்து நாள் வெப்பம் கிடைத்தால் மொட்டு உப்பத் தொடங்கிவிடும். உப்பத் தொடங்கிய பீச் மொட்டு ஏறக்குறைய 18 டிகிரி வரை பெரிய சேதமின்றித் தாங்கும். அதே மொட்டு முழுதாக மலர்ந்துவிட்டால் 27 டிகிரியில் பத்தில் ஒரு பூ கருகும். 24 டிகிரியில் பத்தில் ஒன்பது போய்விடும். மூன்று டிகிரிக்குள் ஓர் ஆண்டு விளைச்சல் அடங்கியிருக்கிறது. 2007 மார்ச் வழக்கத்துக்கு மாறாக வெப்பமாக இருந்து, ஈஸ்டர் வாரத்தில் உறைபனி விழுந்தபோது தென்கிழக்கு முழுவதும் பழத்தோட்டங்களும் கோதுமையும் அடிபட்டது இப்படித்தான். 2017இல் இருபக்கமும் அடி. குளிர்காலம் வெப்பமாகப் போனதால் ஜார்ஜியாவில் பல பீச் ரகங்களுக்குத் தேவையான குளிர் மணிகளே கிடைக்கவில்லை; முந்திப் பூத்த ரகங்களையும் ப்ளூபெர்ரியையும் மார்ச் நடுவில் வந்த உறைபனி கருக்கியது.

செடி குளிருக்குப் பழகப் பல வாரம் ஆகும்; அந்தப் பழக்கத்தை இழக்கச் சில நாள் வெயில் போதும். எனவே வெயிலைப் பார்த்து ஆசைப்பட்டு தழைச்சத்து உரம் போடுவதும், கவாத்து செய்வதும் கூடாது. இரண்டுமே இளந்துளிரைக் கிளப்பும். முதலில் சாவது அந்தத் துளிர்தான். மண்ணுக்கு மட்டும் நன்றாகத் தண்ணீர் விடலாம். ஈரமண் பகலில் வெப்பத்தைச் சேர்த்து வைத்து இரவில் விடும், காய்ந்த மண்ணால் அது ஆகாது. எலுமிச்சை, சாத்சுமா ஆரஞ்சு மரங்களுக்கு ஒட்டுப்பகுதி மறையும்வரை மண் அணைத்துவிட்டால், மேலே கருகினாலும் ஒட்டு பிழைத்து மீண்டும் துளிர்க்கும். குளிர் கழிந்ததும் அந்த மண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லையெனில் தண்டு அழுகும்.

போர்வை போடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். செடியின் தலையில் துணியைப் போட்டுத் தண்டோடு சேர்த்துக் கட்டினால் பயனில்லை. வெப்பம் மண்ணிலிருந்துதான் வருகிறது. துணி நாலாபுறமும் தரையைத் தொட்டு, ஓரங்களில் கல் வைத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். உள்ளே குண்டு பல்பு எரியவிடலாம். எல்இடி சரவிளக்கு அழகுக்குத்தான், அதில் போதிய வெப்பம் கிடையாது. விடிந்து வெயில் ஏறியதும் போர்வையை நீக்கிவிடுங்கள்.

பண்ணைகளில் தண்ணீர் தெளித்துப் பூக்களைக் காப்பதைக் காணொளியில் பார்த்துவிட்டு வீட்டிலும் செய்ய முனைகிறார்கள். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை விடுகிறது, உண்மை. ஆனால் காற்று வீசி ஒரு கிராம் ஆவியானால் ஏறக்குறைய 600 கலோரியை இழுத்துக்கொள்ளும். காற்றில்லாத தெளிந்த இரவில், பனி உருகும்வரை இடைவிடாமல் தெளித்தால்தான் பலிக்கும். ஆர்க்டிக் காற்று வீசும் இரவிலோ, நடுவில் நிறுத்தினாலோ, தெளிக்காத செடியைவிட மோசமாகும்.

கறிவேப்பிலை, மல்லிகைத் தொட்டிகளை 45 டிகிரிக்குக் கீழே போகுமுன் உள்ளே எடுத்துவிடலாம். ஹீட்டர் காற்று நேராகப் படும் இடத்தில் வைத்தால் இலை கொட்டும். தரையில் நட்ட முருங்கை மேலே செத்தாலும், வளைகுடாக் கரையோரங்களில் தூரைச் சுற்றி அரை அடிக்கு மேல் மூடாக்கு இருந்தால் வேரிலிருந்து பெரும்பாலும் கிளைக்கும்.

இனி வீடு. தெற்கே கட்டிய வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் பரண் வழியாகவும், வெளிச்சுவர்களிலும், தரைக்கும் மண்ணுக்கும் இடையிலான வெற்றிடத்திலும் காப்பின்றி ஓடுகின்றன. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வு, அத்தகைய குழாய்கள் உறையத் தொடங்கும் எல்லை வெளியே சுமார் 20 டிகிரி என்று கண்டது. பனிக்கட்டி பிடித்த இடத்திலேயே குழாய் வெடிப்பது குறைவு. வளரும் பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே மாட்டிய தண்ணீர் நெருக்கப்பட்டு அழுத்தம் ஏறுகிறது, பிளப்பு அங்கேதான். குழாயைச் சொட்டவிடச் சொல்வது இந்த அழுத்தம் வெளியேறத்தான். வெளிச்சுவரில் உள்ள குழாய்களில் சூடு, குளிர் இரண்டையும் சொட்டவிட்டால் போதும். ஊரே எல்லாக் குழாயையும் திறந்துவிட்டால் நகரத்தின் நீரழுத்தம் விழுந்துவிடும்.

தோட்டக் குழாயிலிருந்து ரப்பர் ஹோஸைக் கட்டாயம் கழற்றுங்கள். உறையாதது என்று விற்கும் குழாய்வாய்கூட, ஹோஸ் மாட்டியிருந்தால் தண்ணீர் வடியாமல் சுவருக்குள்ளேயே வெடிக்கும். அது தெரியவருவது மார்ச்சில் மீண்டும் திறக்கும்போதுதான். பாசன அமைப்பின் பின்னோட்டத் தடுப்பு வால்வை (பாசனத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாமல் தடுப்பது) வடித்துவிட்டு, அதன் சிறு வால்வுகளைப் பாதி திறந்த நிலையில் வையுங்கள். தண்ணீர் மீட்டர் பெட்டியில் முதன்மை வால்வு எது, அதைத் திருப்ப எந்தச் சாவி வேண்டும் என்பதை வெயில் நாளிலேயே பார்த்து வைப்பது நல்லது.

தொட்டியில்லாத வாட்டர் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் உறைவுத் தடுப்பு மின்சாரத்தில்தான் இயங்கும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் மின்சாரம் போனபோது, வெளிச்சுவரில் மாட்டியிருந்த பல ஹீட்டர்கள் உள்ளே பிளந்தன. 2022 டிசம்பர் 23, 24இல் மின்சாரம் வழங்கும் அரசு நிறுவனமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையமும் தன் வரலாற்றில் முதல்முறையாகச் சுழற்சி மின்வெட்டு செய்தது. மின்சாரம் போனதும் எரிவாயுவையும் தண்ணீரையும் மூடி, அடியிலுள்ள வடிவால்வுகளைத் திறந்துவிட வேண்டும். ஜெனரேட்டரையும் கரி அடுப்பையும் வீட்டுக்குள்ளோ, கார் நிறுத்தும் கூடத்திலோ வைக்கவே கூடாது, கதவு திறந்திருந்தாலும்தான். 2021இல் ஹூஸ்டன் பகுதியில் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு உயிர்களைப் பறித்தது.

குளிர் கழிந்தபின் கருகிய கிளைகளை உடனே வெட்டாதீர்கள். அடுத்த உறைபனிக்கு அவையே போர்வை. வெட்டினால் மீண்டும் துளிரைத் தூண்டும். வசந்தத்தில் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்து, உள்ளே பச்சை தெரியும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டலாம். பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே சுரண்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஜார்ஜியா, அமெரிக்கா